நாடகத்துக்குப் போன மெரூன் சோபா

சோபாவுக்கு முன்னால் கயிறு கட்டியிருந்தார்கள். தடித்த சிவப்புக் கயிறு, இரண்டு பக்கமும் பித்தளைக் கம்பம். கயிற்றுக்கு அந்தப் பக்கம் என் மெரூன் சோபா. இந்தப் பக்கம் சக்கர நாற்காலியில் என் சம்சாரம் தனம். நடுவில் தொப்பி போட்ட ஒரு செக்யூரிட்டி.

“அய்யா, கயிறைத் தாண்டக் கூடாது,” என்றார் அவர்.

“இது யார் சாமான்னு தெரியுமா?” என்றேன்.

“அதெல்லாம் தெரியாதுங்க. தாண்ட வுடக் கூடாதுன்னு சொல்லிக்கிறாங்க.”

“ஏகாம்பரம்னு கேட்டுப் பாரு. சிந்தாதிரிப்பேட்டையில கேளு, மயிலாப்பூர்ல கேளு.”

“நான் ஆவடிங்க,” என்றார்.

பின்னால் நின்ற இரண்டு காலேஜ் பிள்ளைகள் சிரித்தார்கள். தனம் என் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தாள். “அந்த ஆளு சொல்றது சரிதானே. அனுப்பிச்ச சாமான். வுடுங்க.”

அந்தச் சோபாவில் ஒரு தரம் உட்கார வேண்டும் என்பது அவள் ஆசை. அவளுக்கு நாள் அதிகம் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால்தான் குடும்பத்தோடு கிளம்பி, ராஜா அண்ணாமலைபுரத்தில் கண்காட்சி நடக்கிற அந்தப் பழைய பங்களாவுக்கு வந்திருந்தோம். சொந்தச் சோபாவில் உட்கார டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்த ஆள் இந்த ஊரில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

ஏன் இப்படி ஆனது என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஏகாம்பரம் சாமான்

இந்தத் தொடரை முதல் வாரத்திலிருந்து படிக்கிறவர்களுக்கு என்னைத் தெரியும். இந்த வாரம்தான் புரட்டுகிறவர்களுக்குச் சொல்கிறேன். நான் அஞ்சாங்கிளாஸ். அதுவும் முழுசாக இல்லை. கூவம் ஓரத்தில் பிறந்தவன். கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் வாடகைச் சாமான் கொடுக்கிற ஒரு கடையில் அண்டா கழுவப் போனேன். பிற்பாடு அந்தக் கடையையே வாங்கினேன். பீற்றிக்கொள்கிறான் என்று சிலர் சொல்லலாம். பீற்றிக்கொள்ள விஷயம் இருக்கிறவன்தானே பீற்றிக்கொள்வான்?

மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பக்கம் கல்யாணம் ஆனவர்கள் இதைப் படித்தால், உங்கள் ஆல்பத்தை ஒரு தரம் எடுத்துப் பாருங்கள். மாப்பிள்ளையும் பெண்ணும் உட்கார்ந்திருக்கிற ராஜா நாற்காலி என்னுடையதாக இருக்கும். உங்கள் தாத்தா செத்தபோது வாசலில் போட்ட நாற்காலியும் என்னுடையதாகவே இருக்கும். இரண்டையும் ஒன்றாக வைக்க மாட்டேன். கல்யாண நாற்காலி ஒரு குடோன், சாவு நாற்காலி ஒரு குடோன். அந்த ஒழுங்குக்காகவே என்னைத் தேடி வந்தவர்கள் உண்டு.

ஆனால் என் பேரை மேடை ஏற்றியது அந்த மெரூன் சோபாதான்.

அடையாறில் ஒரு பெரிய வீட்டைக் காலி பண்ணியபோது வாங்கினேன். மூன்று பேர் தாராளமாக உட்காரலாம். தேக்குச் சட்டம், கைப்பிடி நுனியில் சுருள். துணி மட்டும் கிழிந்து தொங்கியது. ராயப்பேட்டை கரீம் பாய்தான் பிரித்து, புது ஸ்பிரிங் போட்டு, தேங்காய் நார் அடைத்து, மெரூன் வெல்வெட் தைத்துக் கொடுத்தார். பாய் கை வைத்தால் பழைய சோபாவும் புதுப்பெண் மாதிரி ஆகிவிடும்.

கல்யாண வரவேற்புக்கு என்றுதான் வைத்திருந்தேன். ஒரு நாள் மயிலாப்பூர் சபா செக்ரெட்டரி ஒருத்தர் ஆட்டோவில் வந்து இறங்கினார். வேட்டி நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு குடோன் முழுக்கச் சுற்றினார். இந்தச் சோபாவைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

“ஏகாம்பரம், இது சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள வந்துடணும். போன வாரம் சோபா வராம, எங்க ஹீரோயின் நின்னுண்டே அழுதா. பாக்க சகிக்கலை.”

அன்றைக்கு ஆரம்பித்தது. குடும்ப நாடகத்துக்கு வேறு என்ன வேண்டும்? ஒரு கதவு, ஒரு ஸ்க்ரீன், ஒரு போன், ஒரு சோபா. அப்பா பேப்பர் படிப்பது, பெண் பார்க்க வருவது, மாமியார் மயக்கம் போட்டு விழுவது எல்லாமே சோபா மேல்தான். கதை மாறும், குடும்பம் மாறும், ஆள் மாறுவார்கள். சோபா மட்டும் மாறாது. எந்த நடிகரை விடவும் அதிகமாக மேடையில் இருந்தது என் சோபா. அதற்கு வசனம் இல்லை, அவ்வளவுதான்.

வீட்டு ஆள் உட்காரக் கூடாது

எங்கள் தொழிலில் நான் இரண்டு சட்டம் வைத்திருந்தேன்.

முதல் சட்டம், வாடகைச் சாமானில் வீட்டு ஆள் உட்காரக் கூடாது. அது சும்மா வந்ததில்லை. கடை என் கைக்கு வந்த புதிது. இருந்தது ஒரே ஒரு ஜோடி ராஜா நாற்காலி. அப்போது குடோனும் வீடும் ஒன்றுதான். என் மகள் கோமதி தவழ்கிற குழந்தை. தனம் அவளுக்கு எண்ணெய் தேய்த்து, அந்த நாற்காலியில் ஒரு நிமிஷம் கிடத்திவிட்டு வெந்நீர் விளாவப் போனாள். மறுநாள் தி.நகரில் ஒரு முகூர்த்தம். பெண்ணின் பட்டுப் புடவையின் பின்பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய்க் கறை. பெண்ணோட மாமன் என் சட்டையைப் பிடித்துவிட்டார்.

அன்றைக்குப் போட்டேன் சட்டம். நான் போட்டதோடு சரி, காவல் காத்தது தனம். பிள்ளைகள் சோபா பக்கம் போனாலே கரண்டியோடு வருவாள். வீட்டில் தரையில் பாய்தான். சொந்தக்காரர்கள் வந்தால் கிண்டல் தாங்காது.

“மாமா,” என்பான் தனத்தின் தம்பி, “உங்க வீட்ல நாற்காலில உட்காரணும்னா கல்யாணம் பண்ணிக்கினாதான் முடியும் போலக்கீது.”

“சாவு வந்தாக்கூட உட்காரலாம்டா,” என்பாள் தனம், “உனுக்கு எது சௌகரியம்னு பாத்துக்கோ.”

பிற்பாடு மந்தவெளியில் சொந்த வீடு வாங்கியதும், கோமதி கடைக்குப் போய்ப் புது சோபாவெல்லாம் வாங்கிப் போட்டாள். தனம் அதில் கால் நீட்டிப் படுத்தே டிவி பார்ப்பாள். அது வேறு விஷயம். அது வீட்டுச் சாமான்.

இரண்டாவது சட்டம், வெளியே போன சாமான், சொன்ன நாள் முடிந்து திரும்பி வருகிறவரை நம் சாமான் இல்லை. வாங்கிக்கொண்டு போனவருடையது. நடுவில் போய், ‘அவசரம், கொடுங்கள்’ என்று கேட்கக் கூடாது. என் தங்கச்சி கல்யாணத்துக்கே, என் குடோனில் ஜமக்காளம் இல்லாமல், போட்டிக் கடையில் வாடகை கொடுத்து எடுத்தவன் நான். என் ஜமக்காளம் அன்றைக்கு வேறு ஒருத்தர் வீட்டில் விரித்திருந்தது. ஏகாம்பரம் பாதியில் கேட்க மாட்டான் என்ற பேரில்தான் இத்தனை வருஷம் தொழில் நடந்தது.

காலை எடு தம்பி

சோபா போகிற நாடகத்துக்கெல்லாம் குடும்பத்துக்கு பாஸ் கொடுப்பார்கள். சினிமாவுக்குக் கூட்டிப்போக எனக்கு நேரம் இருந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை நாடகத்துக்கு மட்டும் தவற மாட்டோம். நான், தனம், கோமதி, என் மகன் முரளி. தனம் தலை நிறைய மல்லிகை வைத்துக்கொள்வாள். இடைவேளையில் கேன்டீன் போண்டா, அதைச் சுற்றிக் கொடுத்த பேப்பரில் எண்ணெய். ஓரத்துச் சீட்டுதான், ஆனாலும் சோபா நன்றாகத் தெரியும்.

சபாவில் எல்லாரும் கதை பார்ப்பார்கள். தனம் சோபா பார்ப்பாள். யாராவது காபி டம்ளரோடு மேடைக்கு வந்தால் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொள்வாள். “ஊத்திடப் போறான், பாருங்க. ஊத்திடப் போறான்.” வெறும் டம்ளர் அது. சொன்னாலும் கேட்க மாட்டாள்.

ஒரு தரம் ஒரு காமெடி நடிகர், வெளியூரிலிருந்து வந்த மாப்பிள்ளை வேஷம், செருப்புக் காலோடு சோபா மேல் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். சபாவே சிரித்தது. தனம் எழுந்து நின்றாள்.

“காலை எடு தம்பி,” என்றாள். அவளுக்கு நல்ல கணீர்க் குரல்.

நடிகர் சட்டென்று காலைக் கீழே போட்டார். நாடகத்திலேயே இருக்கிற வசனம் என்று நினைத்து ஜனங்கள் கைதட்டினார்கள். கோமதி வெட்கத்தில் என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். நாடகம் முடிந்து அந்த நடிகர் அரிதாரத்தோடு தேடிக்கொண்டு வந்தார். “அக்கா, அடுத்த வாரம் தாம்பரத்துல போடறோம். நீங்களும் வாங்க. அந்த இடத்துல எனக்கு இவ்ளோ கைதட்டல் வந்ததே இல்ல.”

மறுநாள் காலையில் சோபா திரும்பி வரும். வண்டியிலிருந்து இறக்கியதும் தனம் ஈரத்துணி, காய்ந்த துணி இரண்டோடு வருவாள். ரோஸ் பவுடர், மை, லிப்ஸ்டிக் எல்லாம் ஒட்டியிருக்கும். குனிந்து குனிந்து துடைப்பாள். துடைத்து முடித்ததும் பிளாஸ்டிக் உறை போட்டு மூடிவிடுவாள். உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

செத்த காலேஜ்

எங்கள் பக்கத்தில் மியூசியத்துக்குச் செத்த காலேஜ் என்று பேர். மிருகக்காட்சி சாலை உயிர்க் காலேஜ். காணும் பொங்கலுக்குப் புளிசாதம் கட்டிக்கொண்டு இரண்டுக்கும் போவோம். செத்த காலேஜில் அந்தப் பெரிய திமிங்கல எலும்பைப் பார்த்து, “இதுக்குள்ள எத்தினி பேர் வாடகை கட்டி குடியிருக்கலாம்,” என்று தனம் கேட்டது எங்கள் குடும்பத்தில் இன்னும் பேச்சு.

அதனால், நிவேதா என்கிற பெண் வீட்டுக்கு வந்து, மயிலாப்பூர் மேடை நாடகத்தைப் பற்றிக் கண்காட்சி வைக்கப்போகிறோம், உங்கள் சோபா வேண்டும் என்று கேட்டபோது எனக்கு எப்படி இருந்திருக்கும் பாருங்கள். நான் எந்தக் காலேஜ் வாசலையும் மிதித்ததில்லை. என் சோபா மிதிக்கப்போகிறது. வாடகையே வேண்டாம் என்றேன். கண்காட்சி முடிகிறவரை வைத்துக்கொள்ளுங்கள் என்று வாக்குக் கொடுத்தேன். அனுப்புவதற்கு முன்னால் கரீம் பாயைக் கூப்பிட்டு ஸ்பிரிங், நார் எல்லாவற்றையும் புதுசாகப் போடச் சொன்னேன்.

அப்போது தனத்துக்கு வயிற்று வலி ஆரம்பித்திருந்தது. வாய்வு என்று சுக்குக் கஷாயம் குடித்துக்கொண்டிருந்தாள். படுக்கையில் சாய்ந்தபடி, “செத்த காலேஜுக்கா அனுப்பறீங்க? அதுல வெச்சுட்டா அப்பால எப்பிடி நாடகத்துக்குப் போவும்?” என்று கேட்டாள். திரும்பி வரும் என்றேன்.

சோபா போன மறு வாரம் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கட்டி என்றார்கள். பரவிவிட்டது என்றார்கள். கோமதிதான் டாக்டரிடம் பேசினாள். வராந்தாவில் என்னிடம் வந்து நின்றாள். “அப்பா, இங்க வெச்சிருந்து பிரயோஜனம் இல்லையாம். வீட்டுக்குக் கூட்டினு போயி, அம்மா ஆசைப்பட்டதைச் செஞ்சு குடுங்கன்னு சொல்றாரு.”

என்ன வேண்டுமானாலும் செய்கிற நிலைமையில் இருக்கிறவன் நான். வீட்டுக்கு வந்ததும் தனத்திடம் கேட்டேன். “இன்னா வேணும் சொல்லு. காசியா? ஏரோப்ளேன்ல போலாம். வைர மூக்குத்தியா? சொல்லு.”

அவள் கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்தாள்.

“அந்த மெரூன் சோபாவுல ஒரு தரம் உட்காரணுங்க.”

எனக்குப் புரியவில்லை. “எதுக்கு?”

“எத்தினி பேர் அதுல உட்கார்ந்து அழுதாங்க, சிரிச்சாங்க. தொடைச்சுத் தொடைச்சு அனுப்பினேன். எப்பிடித்தான் இருக்கும்னு ஒரு தரம் பாக்கணும்.”

இத்தனை வருஷத்தில் வாய் திறந்து சொன்னதில்லை. குடோனில் அது சும்மா கிடந்த நாட்கள் எத்தனையோ. கேட்ட அன்றைக்கு அது என் கையில் இல்லை.

“ஒரு போன் போட்டா போதும்பா,” என்றாள் கோமதி. “திருப்பி வாங்கிடலாம். நம்ம சோபாதானே?”

வாக்கு கொடுத்துவிட்டேன். கண்காட்சி முடிய இன்னும் நாள் இருந்தது.

“ஊருக்கெல்லாம் உட்கார நாற்காலி குடுத்தீங்க,” என்றாள் கோமதி. “அம்மா கேக்கறது ஒண்ணே ஒண்ணு.”

அது என்னைச் சுட்டது. போனைக் கையில் எடுத்துவிட்டேன். சட்டமாவது மண்ணாவது என்று தோன்றியது. தனம்தான் படுத்தபடியே கையை நீட்டித் தடுத்தாள்.

“வேணாம். போன சாமானைப் பாதியில கேட்டான் ஏகாம்பரம்னு யாரும் சொல்லக் கூடாது. என்னால அந்தப் பேச்சு வர வேணாம்.” அப்புறம் மூச்சு வாங்கிக்கொண்டு, “நாமளே போலாம். முன்ன போவோமே, நாடகத்துக்கு. அது மாதிரி,” என்றாள்.

கயிற்றுக்கு இந்தப் பக்கம்

முரளி வேளச்சேரியிலிருந்து கார் கொண்டு வந்தான். மெட்ரோவுக்குத் தோண்டிப் போட்ட பள்ளங்களைச் சுற்றிச் சுற்றி ஓட்டினான். ஒவ்வொரு குலுக்கலுக்கும் தனம் பல்லைக் கடித்துக்கொண்டாள். தலையில் மல்லிகை வைக்கச் சொல்லியிருந்தாள். முடி ரொம்பவும் கொட்டிப்போயிருந்தது. கோமதி பூவை நூலால் கட்டி நிறுத்தியிருந்தாள்.

பங்களாவுக்குள் ஜில்லென்று ஏசி. ஒரு கண்ணாடிப் பெட்டியில் பழைய மேக்கப் பெட்டி, அட்டையில் ஒட்டின மீசைகள், சோடாபுட்டிக் கண்ணாடி. இன்னொன்றில் பழுத்துப்போன நோட்டீஸ்கள். கடைசி அறையில் மேடை மாதிரியே போட்டிருந்தார்கள். கதவு, ஸ்க்ரீன், கறுப்பு டெலிபோன், நடுவில் என் சோபா. மேலே போட்டிருந்த விளக்கில் மெரூன் அப்படியே மின்னியது. நெஞ்சு நிமிர்ந்துவிட்டது எனக்கு. தனத்தைப் பார்த்தேன். அவள் மேடையில் யாரோ வரப்போகிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள்.

அங்கேதான் அந்த ஆவடிக்காரர் நிறுத்தினார்.

சத்தம் கேட்டு நிவேதா வந்தாள். என்னைப் பார்த்து வணக்கம் வைத்தாள். விஷயத்தைச் சொன்னதும் அவள் முகம் சங்கடமானது. “சார், உங்க சோபாதான், ஒத்துக்கறேன். ஆனா ஒருத்தர் உட்கார்ந்தா எல்லாரும் உட்காருவாங்க. டெலிபோனை எடுத்துப் பேசுவாங்க. நேத்துகூட ஒருத்தர் மீசையைப் பிச்சுட்டார்.”

நியாயம்தான். என் குடோனில் நான் பேசுகிற பேச்சு அது.

“பாத்தாச்சு, போலாங்க,” என்றாள் தனம். “நாலு பேரு பாக்கறாங்க.”

கோமதி நிவேதாவை அந்தப் பக்கம் கூப்பிட்டு ஏதோ சொன்னாள். நிவேதா அங்கிருந்தே தனத்தைப் பார்த்தாள். பூவை, வீங்கின பாதத்தைப் பார்த்தாள். திரும்பி வந்து, கயிற்றின் கொக்கியைக் கழற்றினாள். ஆவடிக்காரர் மற்றவர்களைப் பார்த்து, “அந்த ரூம்ல வீடியோ ஓடுது, போய்ப் பாருங்க,” என்று அனுப்பிவைத்தார்.

நானும் முரளியும் தனத்தைத் தூக்கி நிறுத்தினோம். ஒன்றுமே கனமில்லை. சோபா வரைக்கும் வந்தவள் நின்றுவிட்டாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“உட்காரலாமா?” என்றாள்.

தலையை ஆட்டினேன்.

என் தோளில் கிடந்த துண்டை எடுத்து சோபா மேல் விரித்தாள். அதன் மேல்தான் உட்காரப்போகிறாள். நான் அந்தத் துண்டை உருவி எடுத்துவிட்டேன். “வெறுமனே உட்காரு தனம்.”

உட்கார்ந்தாள். முதலில் ஓரமாக, யாரோ வீட்டுக்குப் போன மாதிரி. அப்புறம் மெதுவாகப் பின்னால் நகர்ந்து சாய்ந்தாள். இரண்டு கையையும் வெல்வெட் மேல் பரப்பி வைத்தாள். கண்ணை மூடினாள். கோமதி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். என் கண்ணிலும் தண்ணீர் முட்டியது. இவ்வளவு நாள் ஏன் கேட்கவில்லை என்று வாய் வரைக்கும் வந்தது.

தனம் கண்ணைத் திறந்து என்னைத்தான் பார்த்தாள். என் முகத்தில் என்ன கண்டாளோ.

“இன்னாங்க,” என்றாள், “குத்துது.”

“இன்னா குத்துது?”

“ஸ்பிரிங்குதான். முதுகுலயும் குத்துது, கீழயும் குத்துது. இதுலயா அந்தப் பொண்ணுங்க அத்தினி பேரும் சிரிச்சுக்கினு உட்கார்ந்தாங்க? நல்லா நடிச்சுக்கிறாங்க.”

முரளிதான் முதலில் சிரித்தான். அப்புறம் கோமதி, நிவேதா, எல்லாரும். தனமும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“நல்ல வேளை வீட்ல போடல நீங்க. போட்டிருந்தா தினம் தினம் குத்தியிருக்கும். வாடகைக்கு வுட்டதே சரி.”

“குத்துதுன்னா எழுந்துக்கோ,” என்றேன். எனக்குக் கோபமே வந்துவிட்டது. என் சோபா குத்துவதாவது.

“இருங்க. வந்ததுக்குக் கொஞ்ச நேரம் உட்கார்ந்துட்டுப் போறேன்.”

ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள். அவளாக எழுந்துகொள்ளவில்லை. மாத்திரை நேரம் ஆகிவிட்டது என்று கோமதிதான் எழுப்பினாள்.

காரில் ஏறியதும் ஏறாததுமாகக் கரீம் பாய்க்குப் போன் போட்டுத் திட்டினேன். “இன்னா பாய் வேலை பண்ணிக்கீற? ஸ்பிரிங் குத்துது. இத்தினி பேர் நடுவுல என் மானம் போச்சு.”

“நைனா, நான் போட்ட ஸ்பிரிங் குத்தாது,” என்றார் பாய். குரலில் வருத்தம் தெரிந்தது. “எத்தினி வருஷமா பாக்கறே என் வேலையை. அல்லாஹ் மேல ஆணையா குத்தாது.”

“தனமே சொல்லுச்சு. அது பொய் சொல்லுமா?”

பின் சீட்டிலிருந்து தனம், “அவரை ஏன் திட்டறீங்க, வையுங்க போனை,” என்றாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ரொம்பக் களைத்திருந்தாள். ஆனால் வீடு வரைக்கும் முகம் தெளிவாக இருந்தது. எனக்கும் மனசு கொஞ்சம் லேசாகத்தான் இருந்தது. உண்மையைச் சொல்வதென்றால், அது குத்தியதே எனக்கு ஒரு ஆறுதலாக இருந்தது. பெரிசாக ஒன்றும் அவள் இழந்துவிடவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

திரும்பி வந்த சாமான்

கண்காட்சி முடிவதற்குள் தனம் போய்விட்டாள்.

எத்தனையோ சாவு வீட்டுக்கு நாற்காலி அனுப்பினவன். வாசலில் எப்படிப் போட வேண்டும், பெண்களுக்கு எங்கே, ஆண்களுக்கு எங்கே என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அன்றைக்கு என் ஆட்கள் வண்டியிலிருந்து நாற்காலிகளை இறக்கி, “அய்யா, எப்பிடிப் போடறது?” என்று கேட்டபோது எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவர்களாகவே போட்டுக்கொண்டார்கள்.

காரியமெல்லாம் முடிந்து கொஞ்ச நாளில் ஒரு மத்தியானம் மினி வண்டி வந்து நின்றது. நிவேதா சொன்ன தேதிக்குச் சரியாக அனுப்பியிருந்தாள். குடோனுக்கா, வீட்டுக்கா என்று கேட்டார்கள். வீட்டுக்கு என்றேன். மாடிப்படித் திருப்பத்தில் மாட்டிக்கொண்டு, நிமிர்த்தி, சாய்த்து, ஒரு வழியாகக் கொண்டுவந்து ஹாலில் போட்டார்கள். கோமதி வாங்கின சோபாவை ஓரத்துக்குத் தள்ளினோம்.

ஆட்கள் போனதும் ஹாலில் நான் மட்டும். எனக்கு வயது எழுபது தாண்டிவிட்டது. அந்தச் சோபாவை நான் தூக்கியிருக்கிறேன், விலை பேசியிருக்கிறேன், அதைப் பற்றிப் பீற்றியிருக்கிறேன். நானும் அதில் உட்கார்ந்ததில்லை. தனம் உட்கார்ந்த அதே இடத்தில் உட்கார்ந்தேன்.

குத்தவில்லை.

கொஞ்சம் நகர்ந்தேன். குத்தவில்லை. அந்தக் கோடிக்குப் போனேன், இந்தக் கோடிக்கு வந்தேன். சாய்ந்து பார்த்தேன். உள்ளங்கையை வைத்து அழுத்தி அழுத்தி, ஒரு விரற்கடை விடாமல் தேடினேன். முட்டி போட்டு, முதுகுப் பக்கமெல்லாம் தடவினேன். மெத்தென்று, தாய் மடி மாதிரி இருந்தது. ஒரு இடத்திலும் குத்தவில்லை.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

எத்தனை நேரம் என்று தெரியாது. வாசலில் மணி அடித்தது. கரீம் பாய். துக்கத்துக்கு வந்தபோது சரியாகப் பேச முடியவில்லை, சோபா வந்துவிட்டதாகக் கேள்விப்பட்டு வந்தேன் என்றார். தோளில் துணிப்பை. அதில் ஊசி, நூல், சுத்தியல்.

“அந்த ஸ்பிரிங் விஷயம் என் மனசுலயே கீது நைனா,” என்றார். “தங்கச்சி கடைசியா உட்கார்ந்த இடம். என் வேலை அதைக் குத்துச்சுன்னா எனக்கு எப்பிடி இருக்கும் சொல்லு? எங்க குத்துதுன்னு காட்டு. பிரிச்சு சரி பண்ணிட்டுப் போறேன். கூலி வேணாம்.”

குத்தவில்லை பாய் என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் தனம் சொன்னது பொய் என்று ஆகிவிடும். அவள் ஏன் சொன்னாள் என்பதையும் சொல்ல வேண்டிவரும். அது என்னால் ஆகாது.

எழுந்து போய், அவள் உட்கார்ந்த இடத்தில் விரலை வைத்தேன்.

“இங்கதான் பாய்.”

பாய் குனிந்து அந்த இடத்தில் கையை வைத்தார். அழுத்தினார். எடுத்துவிட்டு மறுபடி வைத்து அழுத்தினார். நாற்பது வருஷமாக ஸ்பிரிங் தொட்ட கை அது. நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

அப்புறம் பையைத் தரையில் வைத்தார்.

“ஆமாம் நைனா,” என்றார். “லேசாக் குத்துது.”